கும்மிப் பாட்டை ஆன்லைனில் ஏற்றுமுன்: எல்லை ஊர்க் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம், துணிமணி எடுக்கப் போவது பொள்ளாச்சி. எங்கள் கும்மிக் குழுவில் 42 பேர். பாட்டு, மெட்டு, அடவு மூன்றையும் சொல்லித்தருவது ஒரே ஆசிரியர். போன வருஷம் அவருடைய எட்டுப் பாட்டுகளைப் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினோம். மூன்றாம் நாள் காலையில் ஆசிரியர் போனை என்னிடம் நீட்டினார். மூன்று பாட்டுகளின் கீழே பதிப்புரிமைக் கோரிக்கை என்று வந்திருந்தது, வேறொருவர் பெயரில்.

"ஏங்கண்ணு, இது நம்ம பாட்டுத்தானே?" என்று கேட்டார்.

விசாரித்தால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் "சிடி போட்டுத் தர்றோம்" என்று ஒருவர் வந்திருக்கிறார். 10,000 ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் இருந்த ஒரு பக்கத்தில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். பாட்டின் உரிமை எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக அவருக்கே என்று அதில் இருந்தது. பேசி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, உரிமையை விடுவிக்கும் கடிதம் வாங்கி, கோரிக்கையை நீக்கவைக்க எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. ஒரு சீசனே போய்விட்டது.

முன்பு கேசட் கம்பெனியிடம் பாட்டைக் கொடுத்தால் ஒரே தொகை, அதோடு முடிந்தது. இப்போது கம்பெனி இல்லாமலே நாமே வெளியிடலாம், பாட்டும் நம்மிடமே இருக்கும். ஆனால் பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதுவும் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை பக்கம், ஆந்திரத்து நகரி, புத்தூர் என்று எந்த எல்லையில் இருந்தாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. பாட்டு யாருடையது என்று முதலில் எழுதுங்கள்

ஒரு பாட்டுக்குள் தனித்தனியாக நான்கு உரிமைகள் இருக்கின்றன. வரிகள் எழுதியவருடையது ஒன்று. மெட்டுப் போட்டவருடையது ஒன்று. பதிவு செய்த ஒலி மூன்றாவது. பாடியவரின் நிகழ்த்துநர் உரிமை நான்காவது. இதில் மூன்றாவதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சட்டப்படி ஒலிப்பதிவு என்பது அந்தப் பதிவை முன்னெடுத்து, பொறுப்பேற்றுச் செய்தவருடையது. ஆகவே ஸ்டுடியோ பில்லைக் குழுவின் பெயரிலோ பொறுப்பாளர் பெயரிலோ கேட்டு வாங்குங்கள். "பில் எதுக்கு, பேசிக்கலாம்" என்றால் விடாதீர்கள். பிறகு சண்டை வந்தால் அந்த ஒரு துண்டுச் சீட்டுத்தான் சாட்சி.

அடுத்து, ஒவ்வொரு பாட்டையும் தனியாக எடுத்து நோட்டில் எழுதுங்கள். வரி யார்? மெட்டு யார்? இங்கேதான் நான்கு வகைச் சிக்கல் வரும்.

பரம்பரை மெட்டு: பாட்டி காலத்திலிருந்து வருகிற மெட்டுக்குத் தனி உரிமையாளர் கிடையாது, யாரும் பாடலாம். ஆனால் அதே மெட்டில் வேறொரு குழு பதிவு செய்து ஏற்றியிருந்தால் ஒரே மாதிரிப் பாட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்ளும். அப்போது என்ன செய்வது என்று 5-ஆம் படியில் சொல்கிறேன்.

குருநாதர் எழுதிய பாட்டு: எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை அவருடைய வாரிசுகளுக்கு உரிமை உண்டு. 1970-இல் இறந்தவருடைய பாட்டு 2030 முடியும்வரை காப்பில் இருக்கும். "அவர் நம்ம குருதானே" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மகனோ மகளோ இருந்தால் ஒரு தட்டு வெற்றிலை பாக்கோடு போய்க் கேளுங்கள், எழுத்திலும் வாங்குங்கள். நாங்கள் போனபோது அந்த அம்மா அழுதுவிட்டார். அப்பா பெயரைப் பாட்டின் கீழே போட்டாலே போதும் என்றார். போட்டோம், பங்கும் எழுதினோம்.

சினிமா மெட்டு: கோயில் மேடையில் பிரபலமான சினிமா மெட்டுக்கு முருகன் வரிகளைப் போட்டுப் பாடுவது நம் பக்கம் வழக்கம். மேடையோடு அது நிற்கட்டும். பதிவாக வெளியிட்டால் மெட்டின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். ஏற்கெனவே வந்த பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்கிற கவர் பாட்டு உரிமம் வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் கவர் பாட்டுக்கு வழி இருப்பது உண்மைதான். ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை (பாட்டைப் பயன்படுத்த உரிமையாளருக்குத் தரும் தொகையை) முன்பணமாகக் கட்ட வேண்டும், வரியை இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது. நம் குழுக்களுக்கு இது தோதுப்படாது. எட்டில் ஒரு பாட்டு இப்படி இருந்தால் அதை எடுத்துவிட்டு ஏழோடு வெளியிடுங்கள்.

வாங்கிய பீட்: நெட்டில் மலிவாகக் கிடைக்கும் தாளத்துணுக்கை வைத்துப் பாட்டுச் செய்தால், அதே துணுக்கு இன்னும் நூறு பேர் பாட்டில் இருக்கும். அந்தப் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்க முடியாது.

எல்லாம் தெளிவானதும் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். பாட்டின் பெயர், வரி, மெட்டு, பாடியவர்கள், யாருக்கு எத்தனை சதவீதம், யார் பெயரில் கணக்கு, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு என்று வரிசையாக வரட்டும். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஆன்லைனில் பாட்டு துபாயிலும் மலேசியாவிலும் கேட்கப்படும், அதனால் "உலகம் முழுவதும்" என்று எழுதாவிட்டால் ஓட்டை.

எல்லை ஊருக்கே உரிய ஒரு கண்ணி: முத்திரைத்தாள். எந்த மாநிலத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களோ அந்த மாநிலத்து முத்திரைத்தாள் வேண்டும். பொள்ளாச்சியில் வாங்கி, கேரளத்துக் கோழிப்பாறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், பிறகு செல்லுமா செல்லாதா என்று வாதம் வரும். எத்தனை ரூபாய்த் தாள் என்பதை வெண்டரிடமே கேளுங்கள், இரண்டு மாநிலத்திலும் அடிக்கடி மாறுகிறது.

யாராவது முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போதே சொல்லச் சொல்லுங்கள். திட்டாமல் கேளுங்கள். எங்கள் ஆசிரியர் வெட்கப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஒன்று தெளிவாக இருக்கிறது: வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. எதிர்த்தரப்போடு பேச உட்கார்ந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது இந்த ஒரு வரிதான்.

2. பெயரையும் பேங்கையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்

சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. தமிழ்நாட்டு வழக்கப்படி இனிஷியல் முன்னால் வரும், கேரளத்துச் சான்றிதழில் பின்னால் வரும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரியும், ஆதாரில் வீட்டுப்பெயர் சேரும். ஆசிரியரின் பெயர் நான்கு இடத்தில் நான்கு விதமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் எழுத்துக்கு எழுத்து பார்க்கிறார்கள். பான், ஆதார், பேங்க் பாஸ்புத்தகம் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு வரும்வரை எந்தக் கணக்கும் திறக்காதீர்கள். கேரளப் பக்கம் அக்ஷயா சென்டரிலும், தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை மையத்திலும் இதற்கு வழி சொல்வார்கள். ஆதாரில் தொடங்குங்கள், அதைக் காட்டி மற்றதைத் திருத்துவது சுலபம்.

பேங்க் விஷயத்தில் இன்னொன்று. நம் பக்கம் பாதிப்பேருக்கு சர்வீஸ் கோ-ஆபரேட்டிவ் பேங்கில்தான் கணக்கு. பால் காசும் நெல் காசும் அங்கேதான் வரும். ஆனால் வெளிநாட்டுப் பணம் வர ஸ்விஃப்ட் கோடு வேண்டும், அந்த பேங்குகளுக்கு அது கிடையாது. தேசியமயமாக்கப்பட்ட பேங்கிலோ பெரிய தனியார் பேங்கிலோ கணக்கு திறங்கள். கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இல்லையென்றால், அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் கோடைத் தருவார்கள்.

3. பதிவும் அட்டையும்

பதிவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஸ்டுடியோக்காரருக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். 42 பேரும் ஸ்டுடியோ அறைக்குள் அடங்கமாட்டோம். ஆறு பேர் கைதட்டி, அதையே மூன்று முறை அடுக்கிப் பார்த்தோம். ஒல்லியாக இருந்தது, கும்மி மாதிரியே இல்லை. கடைசியில் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு, விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் நெல் களத்தில் எல்லோரும் வட்டமாக நின்று தட்டினோம். வளையலைக் கழற்றி ஒரு சீலைத் துணியில் முடிந்து வைத்தோம், செருப்பையும் விட்டோம். ஆறு மணிக்கு மயில் அகவத் தொடங்கியது, அதற்குள் நான்கு பாட்டுக்குத் தட்டு முடிந்திருந்தது. மறுநாள் மீதி நான்கு. அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆசிரியர் முதல்முறையாகச் சிரித்தார். உங்கள் பாட்டின் உயிர் எதில் இருக்கிறதோ அதை ஸ்டுடியோவுக்கு ஏற்றபடி சுருக்காதீர்கள்.

ஸ்டுடியோவிலிருந்து கிளம்பும்போது எம்பி3 மட்டும் வாங்கிவராதீர்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பும், குரல் தனி தாளம் தனி என்று பிரித்த கோப்புகளும் கேளுங்கள். இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

ஆன்லைனில் பாட்டோடு தெரிகிற அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். நாங்கள் கோயில் நோட்டீஸ் மாதிரியே செய்து, கீழே "நிகழ்ச்சிக்கு அணுக" என்று போன் நம்பர் போட்டோம். டிஸ்ட்ரிபியூட்டர் (யார் என்று 4-ஆம் படியில் சொல்கிறேன்) திருப்பி அனுப்பிவிட்டார். போன் நம்பர், இணைய முகவரி, யூடியூப் சின்னம் எதுவும் அட்டையில் வரக்கூடாது. நம்பரை யூடியூப் வீடியோவின் கீழே உள்ள விவரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

4. டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுப்பது

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக், அமேசான் மியூசிக் போன்ற ஆன்லைன் பாட்டுக் கடைகளில் நாமே நேராக ஏற்ற முடியாது. நடுவில் பாட்டைக் கடைகளுக்கு அனுப்பி, பணத்தை வாங்கித் தருகிற டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். கட்டண முறை மூன்று வகை.

வருஷச் சந்தா: டிஸ்ட்ரோகிட் இந்த வகை. வருகிற ராயல்டியில் பங்கு எடுக்க மாட்டார்கள். ஆனால் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டு கடைகளிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் இருக்கத் தனிக் கட்டணம் உண்டு.

ஒரே முறைக் கட்டணம்: சிடி பேபி இந்த வகை. வெளியீட்டுக்கு ஒரு தொகை, பிறகு ராயல்டியில் 9 சதவீதம்.

கட்டணமே இல்லாதது: ரூட்நோட்டின் இலவசத் திட்டம் இந்த வகை. ராயல்டியில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

கும்மிக் குழுக்களுக்கு நான் சொல்வது மூன்றாவது அல்லது இரண்டாவது. நம் பாட்டு ஒரே மாதத்தில் ஓடி முடிவதில்லை. சீசனுக்குச் சீசன், பத்து வருஷம் மெதுவாக ஓடும். வருஷா வருஷம் கார்டில் டாலர் கட்ட ஒரு ஆள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றால் என்றைக்காவது தவறும். குழுவில் ஒரு பெண் கல்யாணமாகிப் போனால் அவள் மெயிலும் பாஸ்வேர்டும் அவளோடு போய்விடும். (குழுவுக்கென்று தனி மெயில், தனி போன் நம்பர் வையுங்கள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.)

ஏற்றும்போது கேட்கிற விவரங்களில் மூன்று இடத்தில் நிதானம் வேண்டும்.

பெயர்: குழுவின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கும்மி என்பதையே கே-யில் தொடங்கி எழுதுபவர்களும் உண்டு, ஜி-யில் தொடங்குபவர்களும் உண்டு. ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதுதான். அதே பெயரில் வேறொரு கலைஞர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதலில் தேடிப் பாருங்கள். ஊர்ப்பெயரைச் சேர்த்தால் தப்பிக்கலாம்.

வரி, மெட்டு எழுதியவர் என்ற கட்டம்: அவசரத்தில் எல்லோரும் ஒரே பெயரைப் போட்டுவிடுவார்கள். ஒப்பந்தத்தில் உள்ளபடி முழுப்பெயரைப் போடுங்கள். பின்னால் எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேரும்போது இது ஆதாரம்.

ஐஎஸ்ஆர்சி: ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தெண் கொண்ட ஓர் அடையாளம். டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். இதை நோட்டில் எழுதிவையுங்கள். நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

நேரம்: வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் பட்டியல்களுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நம் பாட்டைப் பரிந்துரைக்கும் வசதி வெளியாகாத பாட்டுக்கு மட்டும்தான், அதற்குக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். நம் சீசன் தை முதல் சித்திரை வரை. தைப்பூசத்துக்கு வர வேண்டும் என்றால் புரட்டாசியிலேயே ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும், கார்த்திகையில் பதிவு, மார்கழி முதல் வாரம் ஏற்றம்.

பணம் பற்றி உண்மையைச் சொல்கிறேன். ஒரு முறை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான கணக்கு எங்கும் இல்லை. வந்த பணத்தை ஒரு குளம் போலச் சேர்த்து, மொத்தக் கேட்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கேற்பப் பிரிப்பார்கள். அதிலும் ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் கணக்கிலேயே வரும். கேட்ட மாதத்துக்கும் பணம் தெரிகிற மாதத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் ஓடும். "ஆயிரம் ரூபாய் கொடுத்தால் லட்சம் கேட்பு ஏற்றித் தருகிறேன்" என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். போலிக் கேட்பு தெரிந்தால் பாட்டையே இறக்கிவிடுவார்கள், சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் அபராதமும் பிடிப்பார்கள்.

5. யூடியூப்: நம் ஆட்கள் இருப்பது இங்கேதான்

எங்கள் ஊரில் ஸ்பாட்டிஃபையைத் திறக்கிற பெரியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் யூடியூப். அரங்கேற்றம் நடந்த மறுநாளே வீடியோ கேட்பார்கள். ஆகவே சானலை ஒழுங்காக நடத்துங்கள்.

விளம்பரப் பணம் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்குப் பதிலாக 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வை என்றும் ஒரு வழி உண்டு. கும்மி அரங்கேற்றம் மூன்று மணி நேரம் ஓடுவது இந்த விஷயத்தில் நமக்கு நல்லது, பார்வை மணி சீக்கிரம் ஏறும். ஆனால் மேடை தொடங்குமுன் ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டு வீடியோவில் விழுந்தால் கோரிக்கை வரும். மைக்செட் அண்ணனிடம் முன்பே சொல்லிவையுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

விளம்பரப் பணம் வருகிற கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பர் தபாலில் வரும். பேங்க் பொள்ளாச்சியில் இருந்ததால் நான் பொள்ளாச்சி உறவுக்காரர் முகவரியைப் போட்டிருந்தேன். அவர்கள் அந்த மாதம் ஊரில் இல்லை, தபால் திரும்பிப் போய்விட்டது. முதல் பின் நம்பர் அனுப்பியதிலிருந்து நான்கு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நீங்கள் தினம் இருக்கிற வீட்டு முகவரியைப் போடுங்கள். வீட்டுப்பெயர், போஸ்ட் ஆபீஸ் பெயர், 678-இல் தொடங்கும் பின்கோடு என்று ஊர் வழக்கப்படி எழுதுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பணம் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பேங்குக்கு வரும், மாதத்தின் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள்.

அப்புறம் அமெரிக்க வரிப் படிவம். இந்தியாவில் இருக்கிற தனிநபருக்கு டபிள்யூ-8பென். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். நிரப்பி, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம். பான் நம்பர் கையில் இருந்தால் கால் மணி நேர வேலை. இதைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

இனி கோரிக்கை வந்தால். கோரிக்கை வேறு, ஸ்டிரைக் வேறு. கோரிக்கையால் சானலுக்கு ஆபத்து இல்லை, அந்த வீடியோவின் பணம் மட்டும் வேறு பக்கம் போகும். ஸ்டிரைக் என்பது சானல் மேல் விழும் தண்டனைக் குறி, மூன்று சேர்ந்தால் சானலே போய்விடும். கோரிக்கை வந்த ஐந்து நாளுக்குள் மறுப்பு கொடுத்தால், முதல் நாளிலிருந்து வந்த பணத்தை யாருக்கும் தராமல் நிறுத்திவைப்பார்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் கோரிக்கை தானே விழுந்துவிடும். மறுப்பில் உணர்ச்சியாக எழுதாதீர்கள். "பரம்பரை மெட்டு, தனி உரிமையாளர் இல்லை, வரி இன்னாருடையது, ஒலிப்பதிவு எங்களுடையது, பில் தேதி இது" என்று மூன்று வரி போதும். உங்கள் பக்கம் உண்மையிலேயே சரி என்று தெரிந்தால் மட்டும் கொடுங்கள். எங்கள் விஷயத்தில் முதலில் ஆசிரியர் போட்ட கையெழுத்து தெரியாமல் மறுத்தோம், அது தள்ளப்பட்டது. மறுபடி மேல்முறையீடு செய்து தோற்றிருந்தால் ஸ்டிரைக்கில் போய் முடிந்திருக்கும். நல்லவேளை, ஒரு வக்கீல் நண்பர் தடுத்தார்.

டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகக் கன்டென்ட் ஐடி சேர்த்தால் இன்னொரு தலைவலி: உங்கள் சானலிலேயே உங்கள் பாட்டுக்குக் கோரிக்கை வரும். பதறாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் சானல் முகவரியைக் கொடுத்து விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

6. அரசுப் பதிவும் ஐபிஆர்எஸ்ஸும்

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயம் இல்லை. எழுதியபோதே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்று பலம். வரிகளுக்கோ மெட்டுக்கோ ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆன்லைனில் விண்ணப்பித்ததும் டைரி நம்பர் வரும், ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் பரிசீலனை. எட்டுப் பாட்டின் வரிகளையும் தொகுத்து ஒரே புத்தகமாக, ஒரு படைப்பாக நாங்கள் பதிந்தோம், 500 ரூபாயோடு முடிந்தது. ஏஜென்ட் கேட்ட தொகை இதைப்போலப் பல மடங்கு.

ஐபிஆர்எஸ் என்பது வரி எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள், அவர்களுடைய வெளியீட்டாளர்களின் சங்கம். ரேடியோ, டிவி, ஆன்லைன், மேடை என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் ராயல்டி வசூலித்துப் பிரிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தருகிற பணம் ஒலிப்பதிவுக்கானது, இது எழுதியவருக்கானது. இரண்டும் வேறு. ஒரு பாட்டாவது வெளியாகியிருந்தால் ஆசிரியரைச் சேர்த்துவிடுங்கள். பான், ஆதார், கேன்சல் செய்த செக், போட்டோ கேட்பார்கள். சேர்ந்தபின் ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிய வேண்டும். சேர்ந்துவிட்டுப் பாட்டைப் பதியாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

7. பாட்டுப் புத்தகம்

எங்களுக்கு முதல் காசு வந்தது பாட்டிலிருந்து இல்லை, 64 பக்கப் புத்தகத்திலிருந்துதான். அரங்கேற்றத்துக்கு வருகிற பெண்கள் வரிகளைக் கேட்பார்கள். ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்குப் பக்கத்திலும் ஒரு க்யூஆர் போட்டோம், போனைக் காட்டினால் பாட்டு ஓடும். பின்னட்டையில் யூபிஐ க்யூஆர்.

ஆசிரியரிடம் பழைய வரிகள் எல்லாம் டிடிபி சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தன. அதை அப்படியே போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உண்டு, ஆனால் மூல எழுத்துரு பாமினியா வானவில்லா என்று சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படியுங்கள். "கொட்டுங்கடி" என்பதில் கொம்பு தனியாக நிற்கும், கால் தனியாக நிற்கும். எங்கள் முதல் நகலில் இப்படி நூற்றுக்கும் மேல் இருந்தன. இரண்டு பாட்டிகள் உட்கார்ந்து பாடிப் பாடியே திருத்திக் கொடுத்தார்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில், சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் என்றே விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அச்சுக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

அச்சில், 500 பிரதிக்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சு, மேலென்றால் ஆஃப்செட். அச்சகத்தில் பாரம் என்கிற ஒரு பெரிய தாளுக்கு 16 பக்கம் என்று வருவதால் 48, 64, 80 என்று திட்டமிடுங்கள். 66 பக்கம் என்று போனால் வீணாகக் காசு. நாங்கள் 200 அடித்தோம், அடுத்த அரங்கேற்றத்துக்கு இன்னும் 200. ஒரேயடியாக 1,000 அடித்து வீட்டுப் பரணில் அடுக்காதீர்கள்.

மின்னூலாகக் கிண்டிலிலும் போடலாம், தமிழை ஏற்கிறார்கள், ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை. ராயல்டி 35 சதவீதமா 70 சதவீதமா என்று கேட்கும். இந்திய வாசகர்கள் வாங்குவதில் 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் இலவச பிடிஎஃப் சுற்றவிட்டுவிட்டு இதில் சேர்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அச்சான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி, டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். இது 1954-ஆம் வருஷத்துச் சட்டம். சின்னக் குழுக்கள் இதைச் செய்வதே இல்லை. செய்யுங்கள். எங்கள் ஆசிரியரின் பாட்டு கன்னிமராவில் ஒரு அலமாரியில் இருக்கும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

8. பணம் வந்தால் பிரிப்பது

ராயல்டி தொகையை அன்றன்றைக்குப் பிரிக்க முயலாதீர்கள், முந்நூறு ரூபாயை 42 பேருக்குப் பிரிக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் வையுங்கள். நாங்கள் வைத்திருப்பது மாட்டுப்பொங்கல் மாலை. டிஸ்ட்ரிபியூட்டர் அறிக்கை, யூடியூப் அறிக்கை, புத்தக விற்பனை மூன்றையும் அச்செடுத்துக் களத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் படிப்போம். நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் வீடியோ பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால், நிகழ்ச்சிப் பணத்தில் 5 சதவீதமும் பாட்டுக் கணக்கில் சேரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். பணம் ஆசிரியர் கணக்கில் வருவதால் வருமான வரிக் கணக்கும் அவர் பெயரில்தான் வரும். பிரித்துக் கொடுத்ததற்கு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி அந்த நோட்டிலேயே ஒட்டிவைக்கிறோம். முதல் வருஷம் ஆளுக்கு 212 ரூபாய் வந்தது. பழைய சிடிக்காரர் விடுவித்த கடிதத்தின் நகலும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.